மகளிர் குழு முகாமில் மார்பகப் பரிசோதனை: தெர்மல் ஸ்கேனா, மேமோகிராம் வேனா, கைப் பரிசோதனையா?

செய்யாறு_கூட்டமைப்பு:

வணக்கம். செய்யாறு பக்கம் எங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் 30 வயதைத் தாண்டிய பெண்கள் ஏறக்குறைய 120 பேர் இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு நாள் முகாம் வைப்பதாகத் தீர்மானம் போட்டாகிவிட்டது. இப்போது இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள். ஒருவர் தெர்மல் ஸ்கேன் எடுப்பவர். தொட மாட்டார்களாம், வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, தலைக்கு 300 ரூபாய், அன்றைக்கே ரிப்போர்ட். இன்னொருவர் மேமோகிராம் (மார்பகத்துக்கான எக்ஸ்ரே) வேன் கொண்டுவருகிறேன் என்கிறார், ஆனால் 40 வயதுக்கு மேல் மட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால், "எங்கள் செவிலியரே கையால் பார்த்துவிடுவார், அது போதும்" என்கிறார்கள்.

எதை எடுத்துக்கொள்வது? யாருக்காவது கட்டி தட்டுப்பட்டால் அடுத்து எங்கே அனுப்புவது? வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கலாமா? ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்று ஒதுங்குகிறவர்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? விஷயம் தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

தொற்றாநோய்_செவிலி:

தெர்மல் ஸ்கேனை விட்டுவிடுங்கள் அக்கா. அது தோலின் வெப்ப வேறுபாட்டைத்தான் படம் பிடிக்கிறது. ஆழத்தில் இருக்கும் சின்னக் கட்டி அதில் தெரியாமலே போகலாம். மேமோகிராமுக்குப் பதிலாக இதை வைக்கக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. "நார்மல்" என்று தாள் வாங்கிக்கொண்டு போகிற பெண், ஆறு மாதம் கழித்துக் கையில் கட்டி தட்டுப்பட்டாலும் அந்தத் தாளை நம்பிச் சும்மா இருந்துவிடுவாள். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது. சிஏ 15-3 என்ற புற்றுக்குறியீட்டு இரத்தப் பரிசோதனையையும் முகாமில் சேர்க்கச் சொல்வார்கள். நோய் இல்லாதவர்களைச் சலித்துப் பார்க்க அது உதவாது.

கைப் பரிசோதனையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி, ஒன்றரை லட்சம் பெண்களை இரண்டு பிரிவாக்கி 20 ஆண்டு பின்தொடர்ந்தது. ஒரு பிரிவுக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என நான்கு சுற்று கையால் பரிசோதித்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது. பரிசோதித்த பிரிவில் நோய் முந்தைய கட்டத்திலேயே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழே இறப்பில் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நமது தேசியத் திட்டமும் 30 முதல் 65 வயது வரை 5 ஆண்டுக்கு ஒருமுறை கைப் பரிசோதனை என்றுதான் வைத்திருக்கிறது.

ஆனால் அந்த ஆய்வில் கிடைத்த பலன் முறையாகச் செய்த பரிசோதனைக்குக் கிடைத்த பலன். முறையாகச் செய்தால் ஒரு மார்புக்கு 3 நிமிடம். விவரம் கேட்பது, ரவிக்கையைக் கழற்றி மாட்டுவது, பதிவேட்டில் எழுதுவது எல்லாம் சேர்த்தால் ஒருவருக்கு 10 நிமிடம் ஆகிவிடும். நான்கு மணி நேரத்தில் ஒரு செவிலியர் பார்க்கக்கூடியது 24 பேர். 120 பேரை ஒரே நாளில் ஒரே செவிலியரிடம் வரிசையில் நிறுத்தினால் சேலைக்கு மேலாகத் தடவி அனுப்புகிற வேலையாகத்தான் முடியும். ஐந்து நாளாகப் பிரித்து, நாளுக்கு இரண்டு மூன்று குழுவை வரச் சொல்லுங்கள். மாதவிடாய் வருகிறவர்களுக்கு, தொடங்கிய நாளிலிருந்து 5 முதல் 10 நாளுக்குள் வந்தால் நல்லது. அப்போது வீக்கமும் வலியும் குறைவாக இருக்கும்.

சரியாக நடக்கிறதா என்று நீங்களே கவனிக்கலாம். முதலில் உட்கார வைத்து, இடுப்புவரை துணி விலக்கிப் பார்க்க வேண்டும்: கை தொங்கவிட்டு, தலைக்கு மேல் தூக்கி, பிறகு இடுப்பில் கையை ஊன்றி அழுத்தி. கட்டி தோலை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் கை தூக்கும்போதுதான் குழி தெரியும். அப்புறம் படுக்க வைத்து, அந்தப் பக்கத் தோளுக்கு அடியில் மடித்த துணி, கை தலைக்கு மேல். நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் நாணயம் அளவுக்குச் சின்ன வட்டம். ஒவ்வொரு இடத்திலும் மெல்ல, நடுத்தரமாக, விலா எலும்பு தட்டுப்படும்வரை ஆழமாக என மூன்று அழுத்தம். அக்குளின் நடுக்கோட்டிலிருந்து நெஞ்செலும்புவரை, காறை எலும்பிலிருந்து மார்பின் அடிமடிப்புவரை மேலும் கீழுமாக வரிசை விடாமல் போக வேண்டும். கடைசியில் அக்குளும் காறை எலும்புக்கு மேல் பள்ளமும்.

இங்கே நடக்கும் தவறு, இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பது. கிள்ளினால் எந்த மார்பும் கட்டி மாதிரிதான் இருக்கும். அடிமடிப்பில் விளிம்பு போல் கெட்டியாக இருப்பது இயல்பு, அதைக் கட்டி என்று எழுதிவிடுகிறார்கள். அக்குள் பக்கத்து மேல் கால்வாசிப் பகுதியை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். புற்றுக்கட்டிகளில் ஏறத்தாழ பாதி அங்கேதான் வருகிறது. காம்பைப் பிதுக்கிப் பார்க்கத் தேவையில்லை. தானாகக் கசிகிறதா, ஒரே துளையிலிருந்தா, இரத்தம் கலந்திருக்கிறதா என்று கேட்டாலே போதும்.

பதிவேட்டில் "கட்டி உள்ளது" என்று மட்டும் எழுதினால் மேலே பார்க்கும் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது. கடிகார முள்ளாக வைத்து எழுத வேண்டும்: "வலது, 10 மணி, காம்பிலிருந்து 4 செ.மீ., அளவு 2 செ.மீ., கெட்டி, நகரவில்லை, தோல் இழுப்பு உண்டு, அக்குளில் ஒரு நெறி." இந்த ஒரு வரி இருந்தால் ஸ்கேன் எடுப்பவரும் சரியாக அதே இடத்தில் கருவியை வைப்பார்.

மேமோ_டெக்:

வேனை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். நல்ல கருவியும் படம் பார்க்க ரேடியாலஜிஸ்டும் இருந்தால், கையில் தட்டுப்படாத கட்டியையும் மேமோகிராம் பிடிக்கும். அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2024-ல் 40 முதல் 74 வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று பரிந்துரைத்தது. நம் நாட்டில் மக்கள் அளவிலான மேமோகிராம் திட்டம் கிடையாது. ஆகவே வருகிறவரிடம் கேள்வி கேட்பது உங்கள் பொறுப்பு. கருவிக்கு ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) பதிவு இருக்கிறதா? படத்தை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாளில் ரிப்போர்ட்? படத்தில் தெரிந்ததை வகைப்படுத்தும் பைராட்ஸ் எண் போட்டுத் தருவார்களா? படத்தைச் சிடியில் கொடுப்பார்களா? கடைசிக் கேள்விக்கு "ரிப்போர்ட் மட்டும்தான்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த மருத்துவமனையில் மறுபடி எடுக்க வேண்டி வரும், இரண்டு ஆண்டு கழித்து ஒப்பிட்டுப் பார்க்கவும் எதுவும் மிஞ்சாது.

ஒரு மார்புக்கு இரண்டு படம், மொத்தம் நான்கு: மேலிருந்து கீழாக சிசி, சாய்வாக எம்எல்ஓ. எம்எல்ஓ படத்தில் மார்புத் தசை காம்பின் மட்டம்வரை இறங்கித் தெரிய வேண்டும், அடிமடிப்பு விரிந்திருக்க வேண்டும். தசை தெரியாத படத்தில் நெஞ்சை ஒட்டிய ஆழப்பகுதி விடுபட்டிருக்கும். தட்டு அழுத்துவது சில விநாடிதான். அழுத்தம் குறைந்தால் படம் மங்கும், திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இல்லாத கட்டி இருப்பது போலத் தெரியும். அதனால் "மெதுவாக அழுத்துங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளக் கூடாது. கதிர்வீச்சின் அளவு சுமார் 0.4 மில்லிசீவர்ட், ஏழு வாரத்தில் இயற்கையாக உடம்பில் படுவதற்குச் சமம்.

அன்றைக்கு வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்: அக்குளிலும் மார்பிலும் பவுடர், டியோடரண்ட் கூடாது. அதிலுள்ள துகள்கள், புற்றின் அடையாளமாக நாங்கள் தேடும் நுண்சுண்ணாம்புப் புள்ளிகள் போலவே படத்தில் விழும், தேவையில்லாமல் திரும்பக் கூப்பிட நேரும். பூசி வந்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். நைட்டியில் வந்தால் முழுவதும் கழற்ற வேண்டியிருக்கும், சேலை ரவிக்கை வசதி. தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் முதுகுப் பக்கம் தள்ளி டேப் ஒட்டிக்கொள்ளலாம். தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருக்க வேண்டும், சிசி படத்தில் முடி குறுக்கே விழும்.

ரிப்போர்ட்டில் பைராட்ஸ் 1, 2 என்றால் புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை. 3 என்றால் புற்றாக இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழ், 6 மாதத்தில் மறுபடம். 4, 5 என்றால் பயாப்சி, அதாவது திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது பூஜ்யம். "ஜீரோ வந்திருக்கு, ஒண்ணுமில்ல" என்று வீட்டில் வைத்துவிடுகிறார்கள். பைராட்ஸ் 0 என்றால் பரிசோதனை முடியவில்லை, கூடுதல் படமோ அல்ட்ராசவுண்டோ வேண்டும் என்று பொருள். திரும்பக் கூப்பிட்டால் பதற்றப்பட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். அமெரிக்கக் கணக்கில் 1000 பேருக்கு எடுத்தால் ஏறத்தாழ 100 பேரைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், அதில் 5 பேர் அளவுக்குத்தான் புற்றுநோய் உறுதியாகிறது.

சுயபரிசோதனையை மாதாமாதம் செய்யச் சொல்லிக் கொடுப்பதில் தவறில்லை என்பது என் கருத்து.

அறுவை_சிகிச்சை:

கடைசி வரியில் மட்டும் மாறுபடுகிறேன் சார். ஷாங்காயில் 2.66 லட்சம் நெசவாலைத் தொழிலாளிப் பெண்களிடம் இதைச் சோதித்தார்கள், 2002-ல் முடிவு வந்தது. முறையாகச் சுயபரிசோதனை கற்ற பிரிவிலும் கற்காத பிரிவிலும் இறப்பு ஒரே அளவு. கற்ற பிரிவில் புற்றில்லாத கட்டிகளுக்கான பயாப்சிகள்தான் கூடின. தேதி வைத்துத் தேடச் சொல்வதைவிட, குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் தன் மார்பின் இயல்பு தெரிந்திருக்கட்டும், புதிதாக ஒரு மாற்றம் வந்தால் இரண்டு வாரத்துக்குள் காட்டட்டும். இதைச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

என்ன மாற்றம்? புதிய கட்டி, வலி இல்லாவிட்டாலும். நம் ஊரில் "வலிக்கல, அதான் விட்டுட்டேன்" என்பதைத்தான் அதிகம் கேட்கிறோம். புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. தோலில் குழி அல்லது ஆரஞ்சுத் தோல் போல் புள்ளிக் குழிகள். புதிதாக உள்ளிழுத்த காம்பு. காம்பில் ஆறாத படை. இரத்தம் கலந்த கசிவு. அக்குளில் கட்டி. சீழ்க்கட்டி என்று மருந்து கொடுத்தும் இரண்டு வாரத்தில் வடியாத சிவப்பு வீக்கம். இரண்டு மார்பிலும் மாதவிடாய்க்கு முன் வரும் வலி மட்டும் என்றால் பயப்பட வேண்டியதில்லை.

இப்போது உங்கள் முகாமைப் பற்றி. தொந்தரவு எதுவும் இல்லாத 120 பேரைப் பரிசோதித்தால் ஒருவருக்கும் புற்றுநோய் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே முகாமின் பலனை எத்தனை பேரைக் கண்டுபிடித்தோம் என்று அளக்காதீர்கள். ஏற்கெனவே கட்டியை வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கும் பெண்கள் உங்கள் ஊராட்சியில் இருக்கக்கூடும். குழுத் தலைவிகள் வீடுவீடாகத் தனியாகக் கேட்டு அவர்களை முதல் நாளே வரவழைத்தால், அது எந்த வேனையும்விடப் பெரிய வேலை. இந்தியாவில் 2022-ல் மதிப்பிடப்பட்ட புதிய நோயாளிகள் சுமார் 1.92 லட்சம், இறப்பு 98 ஆயிரத்துக்கு மேல். இங்கே தாமதமாக வருவதுதான் உயிரை வாங்குகிறது.

கட்டி இருந்தால் வழி இதுதான். 30 வயதுக்குக் கீழே முதலில் அல்ட்ராசவுண்ட். 30 முதல் 39 வரை அல்ட்ராசவுண்டில் தொடங்கி, தேவைப்பட்டால் மேமோகிராம். 40-க்கு மேல் இரண்டும். மேமோகிராம் நார்மல் என்று வந்தாலும் கையில் தட்டுப்படும் கட்டியை விட்டுவிடக் கூடாது. ஏறத்தாழ எட்டில் ஒரு புற்றுநோய் மேமோகிராமில் தப்பிவிடுகிறது, திசு அடர்த்தியான இளவயது மார்பில் இன்னும் கூடுதலாகவே. அடுத்தது தடித்த ஊசியால் திசு எடுக்கும் கோர் பயாப்சி.

கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பயாப்சிக்கு முன் யாரும் கட்டியை வெட்டி எடுக்க விடாதீர்கள். "சின்னக் கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடலாம்" என்று எடுத்து, பிறகு அது புற்று என்று தெரிந்தால், விளிம்பில் நோய் மிச்சம் இருக்கும், தழும்பு தவறான திசையில் இருக்கும். மார்பைக் காப்பாற்றியிருக்கக்கூடிய இடத்தில் முழு மார்பையும் எடுக்க நேரலாம். முதலில் மருந்து கொடுத்துச் சுருக்கிப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும்.

ஊசி பயத்துக்குப் பதில்: ஊசி குத்தியதால் ஆயுள் குறைந்ததாக ஆதாரம் இல்லை. "ஊசி குத்தின பிறகுதான் பெருசாச்சு" என்று சொல்லப்படும் பலவற்றில், ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சிகிச்சைக்குப் போகாமல் இருந்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் நோயறிதலுக்கு வைத்திருக்கும் இலக்கு, முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாள். உங்கள் பதிவேட்டில் முதலில் காட்டிய தேதிக்குத் தனிக் கட்டமே போடுங்கள்.

திசு_ஆய்வகம்:

பயாப்சி பற்றிச் சில வரிகள். மெல்லிய ஊசியால் உறிஞ்சும் எஃப்என்ஏசி மலிவு, சீக்கிரம் முடியும். ஆனால் அதில் கிடைப்பது தனித்தனி செல்கள்தான். நோய் பால்குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கிறதா, வெளியே ஊடுருவிவிட்டதா என்று அதில் சொல்ல முடியாது. 14 கேஜ் ஊசியில் எடுக்கும் கோர் பயாப்சியில் திசு நூல் போல் வரும், எந்த மருந்து பலிக்கும் என்று காட்டும் ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) எல்லாம் அதிலேயே பார்க்கலாம். எஃப்என்ஏசி ரிப்போர்ட்டில் "போதுமான செல்கள் இல்லை" என்று வந்தால் அதை "புற்று இல்லை" என்று படிக்காதீர்கள், மறுபடி எடுக்க வேண்டும். கை, படம், ஊசி மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். 48 வயதில் கெட்டியான, நகராத கட்டிக்கு "ஃபைப்ரோஅடினோமா" (இளவயதில் அதிகம் வரும், நகரும் புற்றில்லாத கட்டி) என்று ரிப்போர்ட் வந்தால் அது பொருந்தவில்லை, விடக் கூடாது.

சிறிய மையங்களில் கெட்டுப்போவது பெரும்பாலும் புட்டியில். திசு உடனே 10 சதவீத பஃபர் ஃபார்மலினில் விழ வேண்டும், திசுவைப் போலப் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். சலைனில் போட்டால் அழுகும், ஸ்பிரிட்டில் போட்டால் சாயப் பரிசோதனை பொய் சொல்லும். ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல். சனிக்கிழமை எடுத்து, ஞாயிறு புட்டி மேசையில் கிடந்து, செவ்வாய் பேருந்தில் ஏறினால் கணக்கு தவறிவிடும். பதப்படுத்தல் கெட்டு ஈஆர் பொய்யாக நெகடிவ் என்று வந்தால், ஐந்து ஆண்டு டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிட்டு நோய் திரும்பாமல் காத்துக்கொண்டிருக்க வேண்டிய பெண்ணுக்கு அந்த மருந்தே எழுதப்படாது. புட்டியில் பெயர், பக்கம், எடுத்த நேரம் மூன்றும் இருக்கிறதா என்று கூடப் போகிறவர் பார்க்கட்டும்.

செய்யாறு_கூட்டமைப்பு:

எல்லோருக்கும் நன்றி. தெர்மல் ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். ஐந்து நாளாகப் பிரிப்பது பற்றி நாளைக்கே சுகாதார நிலையத்தில் பேசுகிறேன். ஒரு சந்தேகம். 34 வயதுப் பெண், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறார், மூன்று மாதமாக ஒரே இடத்தில் கட்டி. பால்கட்டிதான், பால் மறந்ததும் கரைந்துவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா?

அறுவை_சிகிச்சை:

காத்திருக்கக் கூடாது அம்மா. பால்கட்டி என்றால் குழந்தை குடித்ததும், ஒத்தடம் கொடுத்ததும் அளவு மாறும், சில நாளில் கரையும். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும், இவருக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, மார்பு காலியாக இருக்கும்போது எடுத்தால் தெளிவாகத் தெரியும். தேவைப்பட்டால் பால் கொடுக்கும் காலத்திலேயே கோர் பயாப்சி செய்யலாம். ஊசித் துளை வழியாகச் சில நாள் பால் கசியும் வாய்ப்பு சிறிதளவு உண்டு, அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றோ, எந்த வயதிலாவது சினைப்பைப் புற்றோ வந்ததா என்றும் கேட்டு எழுதி அனுப்புங்கள். அப்படியிருந்தால் மரபணு ஆலோசனையும் தேவைப்படும்.

தொற்றாநோய்_செவிலி:

அக்கா, அந்தப் பெண்ணைத் தனியாக அனுப்பாதீர்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், கூடப் போக ஒருவர். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். புற்றுநோய் என்று உறுதியானால் உங்களுக்குப் பக்கம் காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை, இல்லையென்றால் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை.

பணத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லையென்றால் விஏஓ வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். குடும்ப அட்டையில் அவர் பெயர் புகுந்த வீட்டில் ஏறியிருக்கிறதா, இன்னும் அம்மா வீட்டிலேயே இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கல்யாணமாகி ஆண்டுக்கணக்கான பிறகும் பெயர் மாற்றாமல் இருந்து, அட்டை வாங்கவே வாரக்கணக்கில் இழுத்துவிடும். பயாப்சி ரிப்போர்ட் வரும்வரை இருக்கும் நாட்களில் இதை முடித்துவிடலாம். பதிவேட்டில் அவர் எண்ணோடு, கணவர் எண் மட்டும் போதாது, குழுவில் ஒருவர் எண்ணையும் எழுதி வையுங்கள்.